சிடியா, ஃபைலா

மொமோசே தெருயுக்கி தன் சோற்றுக் கிண்ணத்திலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தார். மீன்முள்ளை எடுக்கிற பக்குவத்தோடு சாப்பாட்டுக் குச்சிகளால் பிடித்துக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார். அவர் கத்தியிருந்தால் மனைவி சவாகோவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு அவளும் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவரோ மிசோ சூப்பை ஒரு முறை துழாவிப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்னும் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

மகள் பிறந்த நாளிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மகள் கல்யாணமாகி நகோயாவுக்குப் போய்விட்டாள். கூப்பிடுகிற பழக்கம் மட்டும் மத்சுமோத்தோ நகரத்து வீட்டிலேயே தங்கிவிட்டது.

"எண்ணித்தான் குத்தினேன். ஒண்ணு குறையுதுன்னு தெரியும். உங்க கிண்ணத்துல இருக்கும்னு தெரியாது" என்றாள் சவாகோ.

சவாகோ பழைய கிமோனோக்களைப் பிரித்துப் புதுத் துணி தைப்பவள். ஊரில் யார் வீட்டு அலமாரியைக் காலிசெய்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் வரும். பட்டைத் துவைத்து, காயவைத்து, பாவாடையாகவோ மேல்சட்டையாகவோ பையாகவோ மாற்றிவிடுவாள். எல்லாமே சமையலறை மேசையில் நடந்தாக வேண்டும். சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் எடுத்து வை, சாப்பிட்டதும் மறுபடி விரி. தையல் மிஷினைத் தூக்கித் தூக்கி இடுப்பு போயிருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம், விரித்தது விரித்தபடி கிடக்கிற ஒரு மேசை, அதைப் போட ஓர் இடம்.

இடம் இல்லாமல் இல்லை. தெற்கு அறை இருந்தது. எட்டுப் பாய் விரிக்கிற அறை. மலைக்காற்று எலும்பைத் துளைக்கிற குளிர்காலத்திலும் பகல் முழுக்க வெயில் விழுகிற அறை. அதைத்தான் தெருயுக்கி கனத்த திரை போட்டு மூடி வைத்திருந்தார். வெயில் பட்டால் சிடிக்கு ஆகாதாம். மூன்று சுவரிலும் கூரை வரைக்கும் சிடிகள், நாலாவது சுவரில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள், நடுவில் ஒரே ஒரு நாற்காலி. நாற்காலியின் நாலு கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று பாயில் டேப் ஒட்டியிருந்தது. கட்டைவிரல் அகலம் தள்ளிப் போட்டாலும் இசை கலைந்துவிடும் என்பார். அவர் பாட்டுக் கேட்கிற நேரத்தில் சமையலறை ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி வைப்பது வேறு வழக்கம். அதன் உறுமல் கரண்டில் கலந்து இசையில் வருகிறதாம். அந்த வீட்டில் ஐஸ்கிரீம் வாங்குவதை சவாகோ என்றைக்கோ விட்டுவிட்டாள்.

தெருயுக்கி பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, எந்த வடிவத்தில் இசை கேட்பது என்று முடிவு செய்வதே அவருக்கு வேலையாகிவிட்டது. மினிடிஸ்க் எல்லாம் ஆப்பிள் பழப் பெட்டிகளில் அடைபட்டுக் கொட்டகைக்குப் போயிற்று. எம்பி3 என்ற பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது. மாதாமாதம் சந்தா கட்டி இணையத்தில் கேட்பது வாடகை வீட்டில் குடியிருப்பது மாதிரி. சூப்பர் ஆடியோ சிடி அருமைதான், ஆனால் அவருக்குப் பிடித்தவர்கள் அதில் வருவதில்லை. வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் இரண்டு மிஞ்சின: ஒன்று சாதாரண சிடி, இன்னொன்று அதே சிடியிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிய ஃப்ளாக் ஃபைல். சுவரில் இருந்த அத்தனையையும் இரண்டு வருடமாக உட்கார்ந்து ஏற்றியும் முடித்துவிட்டார். சுவர் மட்டும் அப்படியே நின்றது.

"எம்பி3ன்னா, யாரு கவனிக்கப் போறான்னு உள்தையலை வெட்டிட்டுத் தெச்ச துணி. ஃப்ளாக்னா மடிச்சு வெச்ச துணி, பிரிச்சா பழையபடி முழுசா இருக்கும். நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் சவாகோ, குண்டூசியை எடுத்து சட்டையில் குத்திக்கொண்டே.

"கிட்டத்தட்ட."

"அப்ப சிடியும் அதுவும் ஒண்ணுதானே. ஒண்ணை வெச்சிக்கிட்டு ஒண்ணை அனுப்பிடலாமே."

"கணக்குல ஒண்ணுதான். காதுக்கு ஒண்ணில்ல. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் எது எதுன்னு சொல்லிடுவேன்."

"சொல்ல முடியலைன்னா?"

"முடியலைன்னா சிடியெல்லாம் வெளில போகட்டும். அறை உனக்கு."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. பேச்சை முடித்துவிட்ட திருப்தியில் ஊறுகாயைக் கடித்தார். சவாகோ மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று ஒலிக்கருவிப் பித்தர்கள் சிலர் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். வருகிறவர் ஏதாவது தின்பண்டப் பொட்டலம் கொண்டுவர வேண்டும், முறைவைத்து அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார வேண்டும், கேட்டு முடித்ததும் பாராட்ட வேண்டும். பிடிக்காவிட்டால், "இதுக்கு இன்னும் வளர இடம் இருக்கு" என்பார்கள். அதைக் கேட்டவர் அன்று இரவு தூங்கமாட்டார். அந்த மாதம் மொமோசே வீட்டு முறை. பல் மருத்துவர் நெசு வந்தார். பக்கத்து வீடுகள் கரண்டை அழுக்காக்குகின்றன என்று தன் வீட்டு முற்றத்தில் தனக்கென்றே ஒரு மின்கம்பம் நட்டுக்கொண்டவர். கராசவாவும் வந்தார். அளவுக்கருவிகள் செய்கிற தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளக்காமல் நம்பமாட்டார்.

அவர்கள் முன்னால்தான் முதல் சோதனை. சிடியும் ஃபைலும் ஒரே நேரத்தில் ஓடும்படி கராசவா ஏற்பாடு செய்தார். ஆம்ப்ளிஃபயரின் குமிழை இடப்பக்கம் திருப்பினால் சிடி, வலப்பக்கம் திருப்பினால் ஃபைல். ஒவ்வொரு முறையும் ஒலியை அடைத்து, குமிழைத் திருப்பி, மறுபடி திறக்க வேண்டும். திருப்புகிறவர் தெருயுக்கியின் முதுகுக்குப் பின்னால் உட்கார வேண்டும். யார் திருப்புவது என்றபோது தெருயுக்கி யோசிக்கவேயில்லை.

"அம்மா திருப்பட்டும். இந்த வீட்டுல பொய் சொல்லத் தெரியாதது அவதான்."

அறை கிடைக்கப் போவது யாருக்கோ அவளிடமே குமிழைக் கொடுத்தார்கள். இதை விநோதம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. சவாகோவும் கள்ளமில்லாமல்தான் திருப்பினாள். வரிசையை முன்கூட்டியே சோழி போட்டு முடிவு செய்து மனப்பாடம் பண்ணியிருந்தாள். குமிழை வலப்பக்கம் திருப்பும்போதெல்லாம் ஜன்னலுக்குக் கீழே மேசை வந்து நின்றது, மேசை மேல் மிஷின், பக்கத்தில் இஸ்திரிப் பலகை. இடப்பக்கம் திருப்பினால் சிடிச் சுவர்கள் திரும்பி வந்து மூடிக்கொண்டன. அவளை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தெருயுக்கியின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தில் ஒன்பது சரியாகச் சொன்னார். தப்பிய அந்த ஒன்றின்போது சவாகோ, அடுப்பில் வேகிற முள்ளங்கிக்குத் தண்ணீர் போதுமா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நெசு மருத்துவர் எழுந்து நின்று வணங்கினார். கராசவா ஒத்துக்கொள்ளவில்லை. சிடியின் ஒலி ஒரு மயிரிழை கூடுதல், காதுக்கு உரத்தது நல்லதாகப் படும் என்று சொல்லி, மீட்டரைக் கொண்டுவந்து இரண்டையும் சரிசமமாக்கினார். அடுத்த ஞாயிறு மறுபடி சோதனை. மறுபடியும் ஒன்பது. கராசவாவுக்கு முகம் செத்துவிட்டது. இரண்டிலும் ஒரே எண்கள்தான், ஒரே எண்கள் இரண்டு விதமாகப் பாட முடியாது என்று போகும்வரை புலம்பினார். செருப்பை மாட்டும்போது, குமிழைத் திருப்புகிறவருக்கும் எது எதுவென்று தெரியாமலிருப்பதுதான் முறை என்று இழுத்தார். தெருயுக்கிக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. அம்மாவைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கேட்டார். கராசவா காதுவரை சிவந்து, இடுப்பை வளைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

அறை போயிற்று. சவாகோ அன்று மாலை மேசையில் விரித்திருந்த ஊதாப் பட்டை மடித்து எடுத்து வைத்தாள், தட்டுகளைப் பரப்பினாள், சாப்பிட்டாள், தட்டுகளை எடுத்தாள், மறுபடி பட்டை விரித்தாள். அழ வேண்டும்போல் இருந்தது. ஒரு மேசைக்காக அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. பேச்சு என்றால் பேச்சுதான். மனிதர் நியாயமாகக் கேட்டு நியாயமாக ஜெயித்தார், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

தெருயுக்கியைக் கையில் பிடிக்க முடியவில்லை. நண்பர் வட்டத்தில் அவருக்குத் தங்கக்காது என்று பெயராகிவிட்டது. காலையில் பல் விளக்கும்போதே தலையைச் சாய்த்து எதையோ கேட்டார். கெண்டியில் தண்ணீர் கொதிப்பதை நின்று ரசித்தார். திங்கட்கிழமை, காது மழுங்கிவிடாமல் பழக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சவாகோவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். செல்லோ இசை. அவள் பழையபடி சோழி போட்டாள், குமிழைத் திருப்பினாள். போய்விட்ட அறைதான், ஆனாலும் வலப்பக்கம் திருப்பும்போது மேசை வந்து ஜன்னலடியில் நிற்பதை அவளால் தடுக்க முடியவில்லை. தெருயுக்கி இந்த முறை ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. பத்தும் சரி.

அவர் துள்ளாத குறையாக எழுந்து நெசு மருத்துவருக்குப் போன் போடப் போனார். எல்லாவற்றையும் அணைத்து வைப்பது சவாகோவின் வேலை. கடைசியாகத் திருப்பியது சிடிக்கு. குமிழின் புள்ளி இடப்பக்கம் இருந்தது, செல்லோ பாடிக்கொண்டிருந்தது. அவள் முதலில் கம்ப்யூட்டரை நிறுத்தினாள்.

செல்லோ நின்றுவிட்டது.

சிடி சுழன்றுகொண்டேதான் இருந்தது. சவாகோ குமிழைத் தொட்டாள். திருப்பினாள். அது நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. மறுபடி திருப்பினால் மறுபடி சுற்றியது. பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொடித் திருகாணி; அது தளர்ந்திருந்தது. தையல் மிஷினிலும் இதே வேலை செய்கிற திருகாணி உண்டு, அது தளர்ந்தால் சக்கரம் சுற்றும், ஊசி அசையாது. உள்ளே தண்டு அசையாமல், வெளியே குமிழ் மட்டும் அவள் கையோடு சுற்றியிருக்கிறது. இத்தனை நேரமும் ஃபைல்தான் பாடியிருக்கிறது. ஃபைல் மட்டும்தான்.

அப்புறம் இந்த மனிதர் எதைக் கேட்டுப் பத்தும் சரியாகச் சொன்னார்?

பக்கத்து அறையில் தெருயுக்கி போனில் சிரித்துக்கொண்டிருந்தார். சவாகோ கையைக் குமிழிலிருந்து எடுத்தாள். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஜன்னலடி மேசை மறுபடியும் வந்து நின்றது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது. சொன்னால் அறை அவளுக்கு. ஆனால் சொன்னால், தங்கக்காது வெறும் காதாகிவிடும். வேலையைவிட்டு வந்த பிறகு அந்த மனிதரை யாரும் எதற்காகவும் எழுந்து நின்று வணங்கியதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரை. அறைக்காக நான்தான் திருகாணியைத் தளர்த்தினேன் என்று நினைத்துவிட்டால்? மிஷின் டப்பாவிலிருக்கும் குட்டித் திருப்புளியால் ஒரு திருகு திருகினால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அன்று திருப்புளியை எடுத்தாள், திரும்ப வைத்தாள். மறுநாளும் அப்படியே. தைத்த சட்டைக் கையை இரண்டு முறை பிரித்தாள்.

புதன்கிழமை சந்தையில் நெசு மருத்துவரின் மனைவியைப் பார்த்தாள். அந்தம்மா வீட்டில் நாலரைப் பாய் அளவில் ஒரு தேநீர் அறை வைத்திருப்பவர். வாரத்தில் இரண்டு நாள் பெண்கள் அங்கே கூடி, அடக்கமாக உட்கார்ந்து, பச்சைத் தேநீர் கலக்கக் கற்றுக்கொள்வார்கள். சவாகோ நலம் விசாரித்தாள். அந்தம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மருத்துவர் சிடிகளை விற்றுவிடலாம் என்றுதான் இருந்தாராம், அறையெல்லாம் காலியாகும் என்று அந்தம்மாவும் ஆசையாக இருந்தாராம். இப்போது மொமோசே-சான் உறுதியாகச் சொல்லிவிட்டதால் விற்பதில்லை, இன்னும் வாங்கப் போகிறார். அலமாரி அடிக்கத் தச்சர் வியாழக்கிழமை வருகிறார். தேநீர் அறையில்தான் அடிக்கப் போகிறார்கள்.

"பரவாயில்ல, எனக்கும் முட்டி வலி. எத்தனை நாளைக்கு மடிச்சு உக்காந்துக்கிட்டிருக்கறது" என்றார் அந்தம்மா. அவர் கூடையில் அன்றைய வகுப்புக்கான இனிப்புப் பெட்டி இருந்தது.

சவாகோ வீட்டுக்கு வந்து காய்கறிப் பையைக்கூடப் பிரிக்கவில்லை. நேராகத் தெற்கு அறைக்குப் போனாள். தெருயுக்கி நாற்காலியின் காலை டேப்புக்குள் சரியாக நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, எழுந்து வந்து இந்தக் குமிழைத் திருப்புங்க."

அவர் திருப்பினார். குமிழ் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் நின்று, எதிர்ப்பக்கம் திருப்பினார். அதுவும் சுற்றியது.

"எப்பலேர்ந்து?"

"திங்கக்கிழமை இப்படித்தான் இருந்துது. கம்ப்யூட்டரை நிறுத்தினேன், பாட்டு நின்னுபோச்சு. குமிழ் சிடியில இருந்துது. நான் தளர்த்தல. ஆனா அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல."

"நீ தளர்த்துவியா, பேச்சைப் பாரு." அவர் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்தும் சரியா சொன்னேனே."

"சொன்னீங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கழுத்திலிருந்து காது மடல் வரை சிவந்துபோயிருந்தது. இந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதானே சவாகோ மூன்று நாளாகத் தவித்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கால அட்டவணைக்காரர். பேருந்து வரவில்லை என்றால் அவமானப்படுவதற்கு முன் அது எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கிற ஆள். மெல்ல அந்த ஆள் வெளியே வந்தார்.

"அப்ப நான் எதைக் கேட்டேன்?"

சவாகோ குமிழை இன்னொரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் நிறுத்து. ஆம்ப்ளிஃபயரையும். ஃபிரிட்ஜையும் பிடுங்கிட்டு வா. வந்து பழையபடி பின்னால உக்காரு. சோழி போடு, குமிழைத் திருப்பு."

"ஒண்ணுமே பாடாதே. என்னத்தைக் கேப்பீங்க?"

"அதைத்தான் பாக்கணும்."

அவள் ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டு வந்து உட்கார்ந்தாள். சோழி போட்டாள். ஸ்பீக்கர்கள் ஊமையாக நின்றன. கூரையிலிருந்து பனி சரிந்து விழுகிற சத்தம் ஒரு தடவை கேட்டு ஓய்ந்தது. அவள் குமிழை இடப்பக்கம் திருப்பினாள்.

"சிடி" என்றார் தெருயுக்கி.

வலப்பக்கம்.

"ஃபைல்."

மறுபடி வலப்பக்கமே.

"ஃபைல்."

அவர் தலை அசையவில்லை, முதுகு மட்டும்தான் தெரிந்தது. இடம், வலம், வலம், இடம். ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு முறை வேண்டுமென்றே, சமையலறைத் தரையில் கிடக்கிற காய்கறிப் பையை நினைத்துக்கொண்டு, மீனை இன்னும் உள்ளே வைக்கவில்லையே, ஃபிரிட்ஜையும் பிடுங்கியாயிற்றே என்று நினைத்துக்கொண்டு, வலப்பக்கம் திருப்பினாள். இந்த முறை அவர் தலையைச் சாய்த்துக் காது கொடுத்துப் பார்த்தார்.

"தெரியல. சிடியா?"

"இல்ல. மீனை நெனைச்சேன்" என்றாள் சவாகோ.

அவர் முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்கு ஒரு கணம் ஆயிற்று. சிரித்து முடித்ததும், திரும்பாமலேயே, மெல்லக் கேட்டார்.

"இடப்பக்கம் திருப்பினா உனக்கு மூச்சு நின்னுபோகுது. வலப்பக்கம் வந்தா விட்டுடற, நீளமா. இத்தனை நாளா அதைத்தான் கேட்டிருக்கேன், செல்லோ இல்ல. எனக்கே தெரியல." அவர் தலை குனிந்தது. "வலப்பக்கம் திருப்பறப்ப என்ன நெனைப்ப?"

பொய் சொல்லத் தெரியாதவளிடம் இப்படிக் கேட்டால் என்ன செய்வாள்.

"மேசையை எங்க போடலாம்னு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும். ஜன்னலுக்குக் கீழ போடுவேன். மிஷினை இடது பக்கம் வெப்பேன், வெளிச்சம் விழற மாதிரி."

தெருயுக்கி மூக்கை உறிஞ்சினார்.

"இவ்வளவு ஆசையா இருந்தியா. சொல்லியிருக்கலாமே."

"சொல்லிக்கிட்டேதான் இருந்தேன், அப்பா. நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருந்தீங்க."

அவர் எழுந்தார். சிடிச் சுவர்களை ஒரு முறை பார்த்தார். பிடித்த ஒன்றை உருவப்போகிறவர்போல ஒரு கை மேலே போய், பாதியில் இறங்கிவிட்டது. ஜன்னலுக்குப் போய் இரண்டு கைகளாலும் திரையைத் தள்ளினார். பல வருடத்துத் தூசியோடு வெயில் உள்ளே விழுந்தது. பாயின் நடுவில் டேப் ஒட்டிய இடம்வரை நீண்டது. இருவருக்கும் கண் கூசியது. வெயிலில் பார்த்தால் அந்த நாற்காலி எவ்வளவு பழசாகிவிட்டது என்று சவாகோவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு கூடத்துக்குப் போய்ப் போனை எடுத்தார். நெசு வீட்டுத் தேநீர் அறையில் நாளை தச்சர் வந்து அலமாரி அடிக்கப் போவதைச் சொல்லிவிட்டு, அவள் வாசல்நிலையில் சாய்ந்து நின்றாள். முதலில் கராசவாவைக் கூப்பிட்டு, வீண் கோபப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். மறுமுனையில் அந்த மனிதர் எவ்வளவு நிம்மதியானார் என்பது வாசல்நிலை வரை கேட்டது. அடுத்தது நெசு மருத்துவர். சவாகோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து பேசினார்.

"நெசு-சான், ரொம்ப மன்னிக்கணும். நான் சொன்னது தப்பு. சிடிக்கும் ஃபைலுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல. ஆமா, துளிகூடத் தெரியல. இல்ல, காது நல்லாத்தான் இருக்கு. கேட்டது வேற. ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்றேன். இப்ப அலமாரி மட்டும் வேணாம், வீட்டம்மாகிட்ட அந்த அறை அவங்களுக்கேன்னு சொல்லிடுங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "தச்சரைத் திருப்பி அனுப்பறது மரியாதையில்ல, வாஸ்தவம்தான். ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு அவரை இங்க அனுப்பிடுங்க. இங்க ஒரு மேசை செய்யணும். பெரிய மேசையா, ஜன்னலுக்குக் கீழ."

வாசல்நிலையில் சவாகோ மூச்சை விட்டாள், நீளமாக.

"கேட்டுச்சு" என்றார் தெருயுக்கி, திரும்பாமலே.